ஸ்டாக்கிங்குக்கு எந்தத் துளை, எவ்வளவு படி? கேள்விகளும் பதில்களும்

பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் பூச்சிகளை மேக்ரோ படம் எடுக்கும் அன்பர்கள், குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து ஒன்றாக அடுக்கும் முறையை (ஸ்டாக்கிங்) பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். அப்பர்ச்சரைத் துளை என்றும், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே குவியம் நகரும் தூரத்தைப் படி என்றும் குறிப்பிடுகிறேன். எஃப் எண் பெரிதாகப் பெரிதாகத் துளை சிறிதாகும். 1:1 என்றால், பொருளின் உருவம் சென்சாரில் அதன் உண்மை அளவிலேயே விழுகிறது; 2:1 என்றால் இரு மடங்காக விழுகிறது.

ஆயர் ஈத்தாமிலிருந்து ஓர் அன்பர்: ஐயா, உயிரற்ற முசுறு ஒன்றை 1:1 உருப்பெருக்கத்தில் எஃப்/16 வைத்து நான்கே படங்களில் முடித்துவிட்டேன். முழுவதும் குவியத்தில் இருக்கிறது. ஆனாலும் கண்களும் மயிரும் சோப்பு நுரைக்குள் இருப்பதுபோல் மங்கலாகத் தெரிகின்றன. எஃப்/5.6 வைத்தால் இருபது படங்களுக்கு மேல் ஆகிறதே?

பதில்: ஆகத்தான் செய்யும். அந்த இருபது படங்களை எடுப்பதற்காகவே இந்த முறை இருக்கிறது. லென்ஸில் நீங்கள் வைக்கும் எஃப் எண், தொலைவில் உள்ள பொருளுக்குரியது. பொருளை நெருங்கும்போது, எஃப் எண்ணை உருப்பெருக்கத்தோடு ஒன்றைக் கூட்டிய தொகையால் பெருக்க வேண்டும். கிடைப்பதே செயல்படு எண். 1:1-இல் அந்தத் தொகை இரண்டு. ஆகவே உங்கள் எஃப்/16 உண்மையில் எஃப்/32 ஆகச் செயல்பட்டிருக்கிறது. அந்த நிலையில், ஒளியின் விளிம்பு விளைவால், அதாவது சிறு துளை வழியே நுழையும் ஒளி விரிவதால், ஒவ்வொரு புள்ளியும் சென்சாரில் ஏறத்தாழ 43 மைக்ரான் அகல வட்டமாக விரிந்துவிடும். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சாரின் ஒரு பிக்சல் சுமார் 4 மைக்ரான்தான் என்பதால், ஒரு புள்ளி பதினோரு பிக்சல்களின் அகலத்துக்குப் பரவுகிறது. எஃப்/5.6-இல் அந்த வட்டம் 15 மைக்ரானுக்குச் சுருங்கும். குவியம் தவறிய பகுதியை இன்னொரு படத்திலிருந்து எடுத்து ஒட்டலாம். விளிம்பு விளைவோ எல்லாப் படங்களிலும் ஒரே அளவில் இருப்பதால், எத்தனை படங்களை அடுக்கினாலும் நீங்காது.

என் பழக்கம், 1:1-இல் எஃப்/4 முதல் எஃப்/5.6 வரை, 2:1-இல் எஃப்/4. அதற்கும் கூடுதலாகத் திறந்தால் பல லென்ஸ்களில் ஓரங்களில் நிறப்பிசிறு தெரியத் தொடங்கும். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவைக்கிறேன்: துளையை மாற்றினால் படியையும் மாற்றுங்கள். பழைய படியிலேயே புதிய துளையை வைத்துக் கெட்ட அடுக்குகளே எனக்கு அதிகம் வந்து சேர்கின்றன.

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து: என் நிக்கான் கேமராவில் 105 மி.மீ. மேக்ரோ லென்ஸை மிக அருகே கொண்டுபோனால், எஃப்/2.8 தானாகவே எஃப்/4.8 ஆகிவிடுகிறது. லென்ஸ் பழுதா?

பதில்: பழுதில்லை. நிக்கான் காட்டுவது செயல்படு எண். கேனன் காட்டுவது லென்ஸில் வைத்த எண். நிக்கானில் மேற்சொன்ன பெருக்கலைச் செய்யாதீர்கள், இருமுறை கணக்கிட்டதாகிவிடும்.

ஜெலுத்தோங்கிலிருந்து ஒரு மாணவர்: எந்த கேமரா வாங்கலாம், சார்?

பதில்: தம்பி, அது இங்கே பேசும் பொருள் அன்று.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையொன்றில் நுண்ணோக்கியோடு வேலை செய்யும் பொறியாளர்: நீங்கள் முன்பு ஒருமுறை, மங்கல் வட்டத்தை, அதாவது ஒரு புள்ளி எவ்வளவு அகலம் விரிந்தாலும் கூர்மை என்றே கொள்ளலாம் என்ற வரம்பை, 0.02 மி.மீ. என்று வைத்துக்கொண்டு கணக்கிடும் பழைய சூத்திரத்தைப் பரிந்துரைத்தீர்கள். அதன்படி 1:1, எஃப்/4-இல் தெளிவாகத் தெரியும் ஆழம் 0.32 மி.மீ. எங்கள் வேலையிடத்துக் கணக்கின்படி அதில் பாதிகூட இல்லை. யார் சொல்வது சரி?

பதில்: நீங்கள் சொல்வதே சரி. நான் அன்று சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். பழைய சூத்திரம் ஒளியை நேர்கோடாக மட்டும் பார்க்கிறது. இவ்வளவு மங்கலைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டுவிடுகிறது. ஒளியை அலையாகக் கொண்டு, லென்ஸ் தரக்கூடிய நுணுக்கம் ஏறக்குறைய முழுவதும் கிடைக்கும் ஆழம் எவ்வளவு என்று கேட்டால் கிடைக்கும் கணக்கு இதுதான்: செயல்படு எண்ணை உருப்பெருக்கத்தால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, பிறகு 2.2 ஆல் பெருக்கினால், விடை மைக்ரானில் வரும். 1:1, எஃப்/4-இல் அது 141 மைக்ரான், அதாவது 0.14 மி.மீ. எஃப்/5.6-இல் 0.28 மி.மீ. 2:1, எஃப்/4-இல் சுமார் 0.08 மி.மீ.

ஜார்ஜ் டவுனில் ஸ்டூடியோ வைத்திருக்கும் மூத்தவர்: முப்பது ஆண்டுகளாகப் பழைய சூத்திரத்தை வைத்துத்தான் நகைகளைப் படம் எடுக்கிறேன். எந்த வாடிக்கையாளரும் குறை சொன்னதில்லை. பொறியாளருக்கு வேறு வேலை இல்லையா?

பதில்: அண்ணே, உங்கள் நகைப் படங்கள் நன்றாகவே இருக்கும், அதற்குக் காரணமும் இருக்கிறது. நகையை நீங்கள் பெரும்பாலும் எஃப்/11-இல் எடுக்கிறீர்கள். செயல்படு எண் பதினெட்டை நெருங்கும்போது இரண்டு கணக்கும் ஏறத்தாழ ஒரே விடையைத் தருகின்றன. அதைத் தாண்டினால் பழைய சூத்திரம் உங்களை இன்னும் சிறிய படிக்கே அழைத்துச் செல்லும், அதனால் கேடில்லை. துளையைத் திறக்கத் திறக்கத்தான் அது ஆழத்தை மிகையாகக் காட்டத் தொடங்குகிறது. அச்சிட்ட சிறிய அட்டையில் அந்தப் பிழை தெரியாது. பூச்சியின் கூட்டுக்கண்ணைத் திரையில் முழு அளவில் பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும்.

அதே பொறியாளர்: அப்படியானால், துளையை இரண்டு நிறுத்தம் மூடினால், அதாவது எஃப்/4-இலிருந்து எஃப்/8-க்குப் போனால், படி இரு மடங்கா, நான்கு மடங்கா?

பதில்: நல்ல கேள்வி, சண்டையின் மையமே இதுதான். பழைய சூத்திரத்தில் இரு மடங்கு. அலைக் கணக்கில் நான்கு மடங்கு. எஃப்/8-இலிருந்து எஃப்/4-க்குத் திறக்கும் ஒருவர் படியைப் பாதியாகக் குறைத்தால் போதும் என்று நினைத்துவிட்டால், ஒவ்வோர் இரண்டு படங்களுக்கு நடுவிலும் எவராலும் நிரப்ப முடியாத ஒரு மங்கல் பட்டை மிஞ்சும். பூச்சியின் முதுகில் வரிவரியாகத் தெரிவது அதுதான். துளையை மாற்றினால் படியையும் மாற்றுங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான். எந்த விகிதத்தில் மாற்ற வேண்டும் என்பதையும் இன்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு சகோதரி: கணக்கில் வந்த ஆழத்தையே படியாக வைக்கலாமா?

பதில்: வேண்டாம், சகோதரி. அதில் எழுபது, எழுபத்தைந்து விழுக்காடு வையுங்கள்: 0.28 வந்தால் 0.2 மி.மீ. கேமராவைத் தாங்கித் திருகால் முன்பின் நகரும் ரெயில் எப்போதும் சொன்னபடி நகர்வதில்லை. அந்தப் பிசகுக்கு இடம் விடவே, அடுத்தடுத்த படங்களின் தெளிவான பகுதிகள் சற்று ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். படி சிறிதாகிவிட்டால் நேரமும் மெமரி கார்டில் இடமும் வீணாகும். பெரிதாகிவிட்டால் படமே போய்விடும். பூச்சியின் முன்புறத்துக்கு முன்னால் இரண்டு படங்களும், கடைசிக் காலுக்குப் பின்னால் இரண்டு படங்களும் கூடுதலாக எடுத்துவையுங்கள். ரெயில் திருகின் ஒரு சுற்று எவ்வளவு நகர்த்துகிறது என்பதை அறிய, பத்துச் சுற்றுச் சுற்றி, நகர்ந்த தூரத்தை அளந்து பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.

பாலிக் பூலாவிலிருந்து: என் கேமராவிலேயே குவியத்தை நகர்த்தும் வசதி இருக்கிறது. படிக்கு 1 முதல் 10 வரை எண் கேட்கிறது. எதை வைப்பது?

பதில்: அந்த எண் மில்லிமீட்டர் அன்று, ஒருவரின் மூன்று இன்னொருவரின் மூன்றுக்குச் சமமும் அன்று. ஓர் அளவுகோலை 45 பாகை சாய்த்து வைத்து, நீங்கள் பயன்படுத்தப்போகும் துளையிலும் உருப்பெருக்கத்திலும், ஏதேனும் ஓர் எண்ணில் பத்துப் படங்கள் எடுங்கள். முதல் படத்தில் தெளிவாக இருக்கும் கோட்டுக்கும் பத்தாவது படத்தில் தெளிவாக இருக்கும் கோட்டுக்கும் இடையிலான தூரத்தை ஒன்பதால் வகுத்து, 45 பாகைச் சாய்வுக்காக 0.7 ஆல் பெருக்கினால், அந்த எண்ணுக்குரிய படி கிடைக்கும்.

தெலுக் பாஹாங்கிலிருந்து: படி எண் 1 முதல் 10 வரை இருக்கிறது, எது சிறந்தது?

பதில்: இதற்கு முந்திய பதிலைப் பாருங்கள்.

குளுகோரிலிருந்து: பூச்சி அசையாமல் இருக்கக் குளிர்பெட்டியில் எவ்வளவு நேரம் வைக்கலாம்?

பதில்: இதற்கு நான் பதில் சொல்வதில்லை.

புலாவ் தீக்குஸிலிருந்து: தண்ணீர்மலைத் தாவரவியல் பூங்காவில் குதிக்கும் சிலந்தியை உயிரோடு எடுக்க விரும்புகிறேன். இருபது படங்கள் வரை அது நிற்காதே?

பதில்: நிற்காது. உயிருள்ளதை எடுக்கும்போது மேலே சொன்ன கணக்கின் பாதியை மறந்துவிடலாம். எஃப்/8-இல், ஃபிளாஷ் வெளிச்சத்தில், கண் வரிசையைச் சென்சாருக்கு இணையாகப் பிடித்து ஒரே படம் எடுங்கள். சற்று நுணுக்கம் குறைந்தாலும் சிலந்தி முழுமையாக இருக்கும். அது ஓய்ந்து நின்றால், எஃப்/5.6-க்கு மாறி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உடலையே மெல்ல முன்னோக்கிச் சாய்த்தபடி ஏழெட்டுப் படங்களைத் தொடர்ந்து எடுத்துப் பாருங்கள். அவற்றில் மூன்று பொருந்தினாலும், இரண்டு முன் கண்களும் நெற்றி மயிரும் கூர்மையாக வந்துவிடும். ரெயிலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

நிபோங் தெபாலிலிருந்து: ஐயா, என் கேமராவில் படி எண்…

பதில்: அளவுகோல், 45 பாகை, பத்துப் படங்கள்.