அந்த 35,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள்

கேள்வி: பர்கூர் பக்கத்தில் 14 மெஷின் போட்டு என் பெயரில் தையல் யூனிட் நடத்துகிறேன். பெங்களூரு ஏற்றுமதி கம்பெனி ஒன்றுக்கு ஜாப் ஒர்க் செய்துவந்தோம். அமெரிக்கா வரி போட்ட பிறகு ஆர்டர் பாதியாகிவிட்டது. கிருஷ்ணகிரியில் ஒருவர், 35,000 ரூபாய் கொடுத்தால் உதயம் என்ற சிறு தொழில் பதிவு, ஜெம் என்ற அரசுக் கொள்முதல் தளப் பதிவு எல்லாம் முடித்து அரசுப் பள்ளிச் சீருடை ஆர்டர் வாங்கித் தருகிறேன் என்கிறார். பில்லில் 8 சதவீதம் கமிஷனாம். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம், சகோதரி. சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கான இலவசச் சீருடையைத் தைப்பவர்கள், சமூக நலத் துறையின் கீழ் இயங்கும் மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள். யாரோ ஒருவர் கமிஷனுக்குப் பிடித்துத் தரக்கூடிய ஆர்டர் அல்ல அது. முதல் வார்த்தையிலேயே பொய் சொல்கிறவரிடம் மீதியைக் கேட்டு என்ன ஆகப்போகிறது?

அடுத்தது, உதயம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஆதாரும் பான் கார்டும் இருந்தால் நீங்களே போடலாம். ஜெம் தளத்தில் விற்பனையாளராகச் சேர்வதற்கும் பணம் கட்ட வேண்டாம். கை வராவிட்டால் கிருஷ்ணகிரி மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய் உட்காருங்கள், வழி சொல்வார்கள்.

பணம் போனால்கூடப் பரவாயில்லை. இந்த ஆட்கள் பதிவு செய்யும்போது தங்கள் செல்போன் எண்ணையும் மின்னஞ்சலையும் போட்டுவிடுகிறார்கள். அப்புறம் ஓடிபி அவர் கைக்குத்தான் போகும். உங்கள் பெயரில் அவர் டெண்டர் போடுவார், எங்கிருந்தோ மட்டமான சரக்கை எடுத்துக் கொடுப்பார். சரக்கு திரும்பினால் கறுப்புப் பட்டியலில் ஏறுவது உங்கள் யூனிட். இப்படி மாட்டிக்கொண்டவர்கள் என்னிடம் அழுதிருக்கிறார்கள்.

உங்களிடம் ஏற்கெனவே உதயம் சான்றிதழ் இருந்தால், இன்றே எடுத்து ஒரு வரியைப் பாருங்கள். முக்கியத் தொழில் என்ற இடத்தில் 'உற்பத்தி' என்று இருக்கிறதா, 'வியாபாரம்' என்று இருக்கிறதா? பிரவுசிங் சென்டரில் அவசரத்துக்கு 'வியாபாரம்' என்று தட்டிவிடுகிறார்கள். வியாபாரிகளுக்கு உதயத்தால் வங்கிக் கடனில் முன்னுரிமை உண்டு, அவ்வளவுதான். டெண்டர் சலுகையும் இல்லை, பில் தாமதமானால் வட்டி கேட்கும் உரிமையும் இல்லை. வெளியே துணி வாங்கி நீங்களே வெட்டித் தைத்தாலும், சான்றிதழில் அந்த ஒரு சொல் தவறாக இருந்தால் அதிகாரி அதைத்தான் பார்ப்பார், உங்கள் மெஷினை வந்து பார்க்கமாட்டார். ஜெம் தளத்திலும் இதே கதைதான். தயாரிப்பாளராகச் சேர வேண்டும், வாங்கி விற்கும் ரீசெல்லராகச் சேர்ந்தால் சிறு தொழில் முன்னுரிமை கிடைக்காது. ஆர்டர் கைக்கு வந்த பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். முன்பே சரியாக இருக்க வேண்டும்.

சரி, சலுகை என்ன? மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும். அந்த 25இல் 3, பெண்கள் நடத்தும் யூனிட்டுகளுக்கு. டெண்டர் போடும்போது கேட்கும் முன்வைப்புத் தொகையும் கட்டத் தேவையில்லை. ஆனால் ஆர்டர் கிடைத்த பின் கட்டும் செயல்பாட்டு உத்தரவாதத் தொகைக்கு இந்த விலக்கு இல்லை. தரகர் இதைச் சொல்லியிருக்கமாட்டார்.

உண்மையான சிக்கல் தையலில் இல்லை, கைமுதலில் இருக்கிறது. ஜாப் ஒர்க்கில் துணி கம்பெனியுடையது, உங்களுக்குக் கூலி. அரசு ஆர்டரில் பெரும்பாலும் துணி, நூல், பட்டன் எல்லாம் உங்கள் பணம். 280 ரூபாய் வீதம் 3,000 சட்டை என்று வைத்துக்கொள்வோம். பில் 8,40,000. சட்டைக்கு 160 ரூபாய் என்றாலும் துணிக்கு மட்டும் 4,80,000 முதலில் போட வேண்டும். காஜா எடுக்கிறவருக்கும் பிசிறு வெட்டுகிறவருக்கும் சனிக்கிழமை கூலி நிற்காது. நிறுத்தினால் திங்கட்கிழமை அந்தப் பெண்கள் ஓசூர் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். பில் போட்டதுமே ஜிஎஸ்டி கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். 5 சதவீதம் 42,000, துணிக்குக் கட்டிய 24,000 கழிந்தாலும் 18,000 ரூபாயைக் கட்டியாக வேண்டும், அரசு உங்களுக்கு ஒரு ரூபாய்கூடத் தராத நிலையிலும். என்ன நியாயம் இது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி அதிகபட்சம் 45 நாளில் பணம் வர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இதற்கென உள்ள அரசு இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். சரக்கு சேர்ந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. ஆனால் சேர்ந்த தேதிக்குச் சாட்சி வேண்டுமே! பல வருடம் முன்பு ஓர் அலுவலகத்துக்குப் படுக்கை விரிப்பு கொடுத்தேன். ஸ்டோரில் இருந்தவர் டெலிவரி சலானில் கையெழுத்தை மட்டும் கிறுக்கிக் கொடுத்தார். தேதியும் இல்லை, முத்திரையும் இல்லை. மூன்று மாதம் கழித்து, சரக்கு போன வாரம்தான் வந்தது என்றார்கள். சலான் என் கையிலேயே இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. தேதியும் முத்திரையும் விழும்வரை வண்டியை நகர்த்தாதீர்கள், டிரைவர் எவ்வளவு முணுமுணுத்தாலும்.

ஆகவே, இப்போதே அரசு ஆர்டரில் குதிக்க வேண்டாம். ஓசூர் ஆலைகளுக்குத் தொழிலாளர் சீருடை வேண்டும், தனியார் பள்ளிகளுக்கு ஜூனுக்குள் வேண்டும், பர்கூர் ஜவுளிக் கடைகள் உங்கள் வாசலிலேயே இருக்கின்றன. வங்கதேச உடை நம் நாட்டுக்கு வரியில்லாமல் வருவதால் கடை விலையில் போட்டி கடுமைதான். அளவெடுத்துக் குறித்த தேதியில் தரும் சீருடையில் அந்தப் போட்டி குறைவு. கம்பெனிகளுக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு. குறு, சிறு தொழிலுக்குச் சட்டக் கெடுவுக்குள் பணம் தராவிட்டால், கொடுக்கும் வரை அந்தச் செலவை வருமான வரியில் கழிக்க முடியாது. மார்ச் நெருங்கும்போது அவர்களின் ஆடிட்டரே உங்கள் பில்லைத் தேடுவார். பில்லில் உதயம் எண்ணைப் பெரிதாக அச்சடித்துவிடுங்கள்.

இரண்டு மாதக் கூலியும் ஒரு லோடு துணிக்கான பணமும் கையில் சேர்ந்த பிறகு, ஜெம் தளத்தில் 50,000, ஒரு லட்சம் என்று சின்ன ஆர்டராக எடுத்துப் பாருங்கள். உங்கள் சொந்தச் செல்போன் எண்ணில்.