வாங்குபவர் கார்பன் கணக்கு கேட்டால்: கேள்வி பதில்

பொம்மசந்திராவில் ஓர் ஏற்றுமதி ஆடை ஆலையில் பத்து வருடமாகக் கம்ப்ளையன்ஸ் (விதிகளின்படி ஆலை நடக்கிறதா என்று பார்க்கும் வேலை) பார்க்கிறேன். எங்களிடம் வாங்கும் வெளிநாட்டுச் சில்லறைக் கடைகளுக்குக் கார்பன் கணக்கு, அதாவது ஆலையால் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது என்ற கணக்கு, அனுப்புவதும் அந்த வேலையில் சேர்ந்தது. பெங்களூரில் ஆலை நடத்தும் நம்மவர்களும் ஆலையில் வேலை பார்ப்பவர்களும் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி (பீன்யா, அட்டைப்பெட்டி ஆலை): அக்கா, ஸ்கோப் 1, ஸ்கோப் 2 கேட்டு வாங்குபவரிடமிருந்து எக்செல் ஷீட் வந்திருக்கிறது. நாங்கள் மொத்தமே 40 பேர். எங்களிடம் எதற்குக் கேட்கிறார்கள்? எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: கடையின் விளக்கும் ஏசியும் விடும் புகை கொஞ்சம்தான். கடை வாங்கி விற்கும் பொருளில்தான் பெரும்பங்கு இருக்கிறது. ஜிஎச்ஜி புரோட்டோகால் என்ற சர்வதேசக் கணக்கு முறை அதற்கு ஸ்கோப் 3 என்று பெயர் வைத்திருக்கிறது. உங்கள் ஸ்கோப் 1, 2 அவர்களின் ஸ்கோப் 3-க்குள் போய்ச் சேரும். ஒரே புகை இரண்டு பேர் கணக்கிலும் வருகிறதே என்று குழம்ப வேண்டாம், முறையே அப்படித்தான் வகுக்கப்பட்டிருக்கிறது.

அக்கவுண்ட்ஸ் அலமாரியில் ஆரம்பியுங்கள். பன்னிரண்டு மாத பெஸ்காம் (பெங்களூர் மின் விநியோக நிறுவனம்) பில், ஜெனரேட்டர் டீசல் ரசீது, கேன்டீன் சிலிண்டர் பில், ஆரம்பிக்க இவ்வளவு போதும். நீங்களே எரிப்பது ஸ்கோப் 1, வாங்கும் கரண்ட் ஸ்கோப் 2. வருடத்துக்கு 2,40,000 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று மத்திய மின்சார ஆணையம் வெளியிடுகிறது. அண்மைக் காலமாக அது 0.72-ஐ ஒட்டி இருக்கிறது. பெருக்கினால் ஏறத்தாழ 173 டன். டீசல் 3,000 லிட்டர் என்றால், லிட்டருக்கு 2.68 கிலோ வீதம் 8 டன். கர்நாடகத்தில் காற்றாலையும் நீர்மின்சாரமும் நிறைய இருக்கிறதே என்று நீங்களாகக் குறைத்துப் போடாதீர்கள். நாடு முழுக்க ஒரே கிரிட், எண்ணும் ஒன்றுதான்.

வாடகை ஷெட்டில் மீட்டர் பொதுவாக இருந்தால் பரப்பளவை வைத்துப் பங்கு போடுங்கள், அப்படிப் பிரித்ததைக் குறிப்பாக எழுதிவிடுங்கள். எப்படி மதிப்பிட்டோம் என்று சொன்ன எண்ணை வாங்குபவர் ஏற்றுக்கொள்வார். விளக்கம் இல்லாத எண்ணுக்குத்தான் மெயில் மேல் மெயில் வரும்.

கேள்வி (மைசூரு ரோடு, தையல் ஆலை): வாங்குபவரின் இணையப் போர்ட்டலில் போட்ட எண் சரியா தப்பா என்று அனுப்பும் முன் எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வருடம் டீசல் கட்டத்தில் 6,200 என்று அடித்தேன். அது லிட்டர். கட்டத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் கிலோலிட்டர் என்று போட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. சுமார் 16.6 டன் வர வேண்டிய இடத்தில் 16,600 டன் வந்தது. போர்ட்டலும் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டது. இரண்டு மாதம் கழித்து வாங்குபவரின் ஆட்கள் போன் செய்து, "மேடம், உங்கள் ஒரு சட்டைக்கு இவ்வளவா?" என்று கேட்டபோது கை நடுங்கிவிட்டது. அன்றிலிருந்து அனுப்பும் முன் மொத்தத்தை உருப்படி எண்ணிக்கையால் வகுத்துப் போன வருட எண்ணோடு ஒப்பிடுகிறேன். ஐந்து நிமிட வேலைதான். தயவுசெய்து எல்லோரும் செய்யுங்கள்.

அதே ஆலையிலிருந்து இன்னொரு கேள்வி: மூன்று கடைகளுக்குத் தைக்கிறோம். யாருக்கு எவ்வளவு என்று பிரிப்பது?

பதில்: உருப்படி, எடை, விற்பனைத் தொகை, இந்த மூன்றில் ஒன்றை வைத்துப் பிரிக்கலாம். டி-ஷர்ட்டும் ஜாக்கெட்டும் சேர்ந்து ஓடும் ஆலையில் உருப்படி சரிவராது, எடை மேல். எதை எடுத்தாலும் மூவருக்கும் அதே முறை, மூன்று பங்கையும் கூட்டினால் 100 சதவீதம். ஒருவருக்கு எடை, இன்னொருவருக்குத் தொகை என்று மாற்றி மாற்றிக் காட்டி எண்ணைச் சின்னதாக்குவது ஏமாற்று வேலை.

கேள்வி (ஜிகணி): கூரையில் சோலார் போட்டிருக்கிறோம். அதைக் கழித்துக்கொள்ளலாமா?

பதில்: நீங்களே செலவழித்த சோலார் யூனிட் பெஸ்காம் பில்லில் வராது. அதனால் தானாகவே கழிந்துவிட்டது, மறுபடி கழிக்காதீர்கள். கிரிட்டுக்கு ஏற்றிய உபரியையும் ஸ்கோப் 2-இல் கழிக்கக் கூடாது. அந்த மின்சாரத்துக்கான பசுமைச் சான்றிதழை விற்றிருந்தால் அந்தப் பெருமை வாங்கியவருக்குப் போய்விட்டது.

கேள்வி (பொம்மசந்திரா): இலக்கு என்ன என்று ஒரு கட்டம் இருக்கிறது. முதலாளி "50 சதவீதம் என்று போடு" என்கிறார். போடலாமா சார்?

பதில்: (சார் இல்லை, அக்கா என்றே கூப்பிடுங்கள்.) எந்த வருடத்திலிருந்து, எந்த வருடத்துக்குள், எந்த ஸ்கோப்பில் என்று சொல்லாத 50-க்கு அர்த்தம் கிடையாது. எஸ்பிடிஐ எனப்படும் அறிவியல் அடிப்படை இலக்கு அமைப்பு 1.5 டிகிரி பாதைக்கு ஸ்கோப் 1, 2-இல் அடிப்படை வருட அளவிலிருந்து ஆண்டுக்குக் குறைந்தது 4.2 சதவீதப் புள்ளி குறையச் சொல்கிறது. பத்து வருடத்தில் 42. 2020-ஐ அடிப்படையாக வைக்காதீர்கள் என்பது என் அபிப்பிராயம். லாக்டவுனில் ஆலை பூட்டிக் கிடந்த வருடம் அது, அந்த அளவிலிருந்து குறைப்பது பெரும்பாடு. வேறு யாரோ புகையைக் குறைத்ததற்கான கார்பன் கிரெடிட்டை வாங்கி இந்த இலக்கை எட்டியதாகக் காட்டவும் முடியாது.

முதலாளியிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: தையல் மெஷினில் பழைய கிளட்ச் மோட்டாரை எடுத்துவிட்டுக் கரண்ட் குறைவாக இழுக்கும் சர்வோ மோட்டார் எப்போது போடுகிறோம்? கம்ப்ரஸர் லீக்கை யார் பார்க்கிறார்கள்? பதில் கிடைக்கும் அளவுக்கு இலக்கு வையுங்கள். 25 என்று போட்டு அதை எட்டுகிற ஆலையை நான் மதிக்கிறேன்.

கேள்வி (வைட்ஃபீல்டு): வால்மார்ட்டின் கிகாடன் படிவமும் இதே கணக்குத்தானா?

பதில்: இல்லை. 2017-இல் தொடங்கிய அந்தத் திட்டம், 2030-க்குள் சப்ளை செயினில் 100 கோடி டன் வெளியீட்டைத் தவிர்ப்பது என்று இலக்கு வைத்து, அதை முன்கூட்டியே எட்டிவிட்டதாக 2024-இல் அறிவித்தது. அங்கே கேட்பது எவ்வளவு தவிர்த்தீர்கள் என்று. நிறுவனங்களின் சுற்றுச்சூழல் தகவலைத் திரட்டும் சிடிபி அமைப்பின் படிவத்தில் கேட்பது எவ்வளவு வெளியிட்டீர்கள் என்று. ஒன்றின் எண்ணை மற்றதில் போட்டால் இரண்டும் பாழ்.

கேள்வி (ஹோசூர் ரோடு): ஏசி கேஸ் ரீஃபில் சேர்க்கணுமா?

பதில்: கட்டாயம். ஏசியில் நிரப்பும் ஆர்-410ஏ கேஸ் ஒரு கிலோ கசிந்தால் சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். சர்வீஸ் ஆளிடம் பில்லில் எத்தனை கிலோ நிரப்பினார் என்று எழுதி வாங்குங்கள். பெரும்பாலும் "கேஸ் ஃபில்லிங், 1 நம்பர்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போய்விடுவார்.