நெருஞ்சியும் அரை மில்லிமீட்டரும்

அன்புள்ள சார்,

காலேஜ் ரெண்டாம் வருஷம் விலங்கியல் படிக்கிறேன். மூணு வருஷமா மொட்டை மாடில கம்பு போட்டு, வர்ற குருவிங்களை நோட்டுல எழுதிட்டு வர்றேன். போன வாரம் பரிணாமம் பாடத்துல ஒருத்தன் எந்திரிச்சு, "இதை யாராச்சும் கண்ணால பாத்தாங்களா? லட்சம் வருஷம் ஆகும்னா வெறும் தியரிதானே"ன்னு கேட்டான். எனக்கு பதில் தெரியல. என் நோட்டும் வெறும் டைம்பாஸ்தானோன்னு தோணிடுச்சு.

ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள வாசகிக்கு,

அந்தப் பையனை கோச்சுக்காதீங்க. டார்வினே அப்படித்தான் நினைச்சார், இந்த மாற்றம் நடக்கறப்ப நமக்குத் தெரியாது, யுகம் கழிஞ்சாதான் தெரியும்னு 1859-ல புத்தகத்துலயே எழுதிட்டார். அந்த ஒரு விஷயத்துல மனுஷன் தப்பு.

பசிபிக் கடல்ல இருக்கற கலாபகஸ் தீவுக்கூட்டத்துல டாஃப்னி மேஜர்னு ஒரு குட்டி எரிமலைத் தீவு, மனுஷ வாசமே கிடையாது. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட்னு புருஷன் பொண்டாட்டி 1973-ல அங்க போனாங்க, அப்புறம் நாப்பது வருஷம் அந்தத் தீவை விடல. பண்ண வேலை என்னன்னா, ஃபிஞ்ச் குருவியை வலைல புடிச்சு, கால்ல வளையம் மாட்டி, அலகை அளந்து எழுதிட்டு பறக்க விடறது, அவ்வளவுதான், கேக்கவே போர் அடிக்கும்.

1977-ல மழை பொய்ச்சுது. முந்தின வருஷம் 127 மில்லிமீட்டர், அந்த வருஷம் வெறும் 24. சின்ன விதையெல்லாம் தின்னு தீந்து, மிச்சம் கெடந்தது பெருசும் கெட்டியுமா இருக்கறதுதான், அதுல முக்கியமானது ஒரு நெருஞ்சி. ஆமாம்மா, நம்ம செருப்புல ஏறுற நெருஞ்சிக்கு ஒண்ணுவிட்ட தம்பி. அந்த முள்ளுக்காயை உடைக்க தடிச்ச அலகு வேணும், இல்லாததுங்க பெரும்பாலும் பட்டினில செத்துது, நடுத்தர சைஸ் ஃபிஞ்ச்ல நூத்துக்கு எம்பதுக்கு மேல காலி. பொழச்சதுங்களோட அலகு சராசரியா அரை மில்லிமீட்டர் கிட்ட தடிமன் ஜாஸ்தி. அடுத்த தலைமுறையும் முன்ன இருந்ததை விட தடிச்ச அலகோட வந்துச்சு. வறட்சிக்கு முன்னாடியே அளந்து வெச்சிருந்ததாலதான் இது தெரிஞ்சுது, இல்லனா நிறைய குருவி செத்துதுன்னு மட்டும்தான் சொல்லிருப்பாங்க.

1983-ல எல் நினோ (பசிபிக் கடல் தண்ணி சூடேறி மழையை மாத்திப் போடற சமாச்சாரம்) வந்து மழை கொட்டித் தீத்துது, கொடி மண்டி நெருஞ்சியை அமுக்கிடுச்சு, சின்ன விதை குவிஞ்சுது, அதுக்கப்புறம் வந்த வறட்சில சின்ன அலகுக்கு யோகம். பரிணாம 'வளர்ச்சி'ங்கற வார்த்தையே எனக்கு புடிக்காது, காரணம் இதுதான். எங்க வளந்துச்சு? மழைக்கேத்த மாதிரி அங்கயும் இங்கயும் போச்சு.

"ஃபிஞ்ச் ஃபிஞ்ச்சாவேதானே இருக்கு"ன்னு அடுத்து கேப்பான், நியாயமான கேள்விதான். 1981-ல நூறு கிலோமீட்டர் தாண்டி இருக்கற எஸ்பனோலா தீவுலேந்து ஒரு ஆண் ஃபிஞ்ச் டாஃப்னிக்கு வந்து உள்ளூர் பொண் ஃபிஞ்ச்சோட ஜோடி சேந்துது, கொஞ்ச தலைமுறையில அதோட வம்சம் தங்களுக்குள்ள மட்டுமே ஜோடி சேர ஆரம்பிச்சு தனிக் கூட்டமா போயிடுச்சு, டிஎன்ஏ பாத்து 2017-ல எழுதிருக்காங்க.

உங்க நோட்டு விஷயம். டார்வின் 1835-ல அந்தத் தீவுகள்ல அஞ்சு வாரம் சுத்தினார், ஆனா எந்தக் குருவி எந்தத் தீவுல புடிச்சதுன்னு ஒழுங்கா குறிக்கல. 1837-ல லண்டன்ல ஜான் கூல்ட்ங்கற பறவை நிபுணர் இதெல்லாம் ஒரே ஃபிஞ்ச் கூட்டம்னு சொன்னப்புறம், கூட வந்தவங்க சேகரிச்சதை வாங்கி சரிபாக்க வேண்டியதாச்சு. எனக்கு இதுல ஒரு அல்ப சந்தோஷம், ஏன்னா என் பழைய நோட்டுல "கௌதாரி 4"ன்னு மட்டும் இருக்கு, எந்த ஊரு என்ன மாசம் ஒண்ணும் இல்ல.

நீங்க தேதி, நேரம், எத்தனை குருவி எல்லாம் எழுதுறீங்கன்னு நம்புறேன், ஒண்ணும் வராத நாளுக்கு சைபர் போடுறீங்களா? மழை எழுதுறீங்களா? இல்லனா நேரா இருக்கற ஒரு டப்பாவை மாடில வெச்சு, தினம் காலைல ஸ்கேலை விட்டு அளந்துட்டு கொட்டிடுங்க. டப்பா வாய் அகலமும் அடி அகலமும் ஒண்ணா இருக்கணும், பக்கெட் வேணாம்.