பதினான்கு லட்சம் போடுவதற்கு முன் ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்துப் பாருங்கள்

ராசிபுரத்தில் பிரவுசிங் சென்டர் நடத்தும் ஒரு தந்தை எழுதியிருக்கிறார். மகன் பிளஸ் டூ முடித்துவிட்டான், கட்ஆஃப் சுமார்தான். கோவையில் இருக்கும் மச்சான் ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் ‘ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ்’ சீட் பேசி வைத்திருக்கிறார். ஹாஸ்டலோடு சேர்த்து நான்கு வருடத்துக்குப் பதினான்கு லட்சம். பத்து லட்சத்துக்குக் கல்விக்கடன், மீதிக்குக் கையிருப்பு, ஈடாக வீட்டுமனைப் பத்திரம். “பையன் பிடிகொடுத்துப் பேச மாட்டேன் என்கிறான், நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்” என்று முடித்திருக்கிறார்.

உங்கள் கவலை புரிகிறது ஐயா. ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் வார்த்தை என்னிடம் இல்லை. அந்த சீட் வேண்டாம்.

முதலில் கணக்கு. வருடத்துக்கு இரண்டரை லட்சமாகக் கடன் எடுத்து, வட்டி பத்து சதவீதம் என்று வைத்தாலே, படிப்பு முடியும்போது பாக்கி பன்னிரண்டரை லட்சம் ஆகிவிடும். அதை ஏழு வருடத்தில் அடைக்க மாதம் இருபதாயிரத்துக்கு மேல் தவணை. முதல் வேலையில் சேரும் பையன் சென்னையில் அறை வாடகையும் மெஸ் பில்லும் கொடுத்துவிட்டு அதை எங்கிருந்து கட்டுவான்? கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பொதுவாகச் சொத்து ஈடு கேட்பார்கள். அதனால்தான் மனைப் பத்திரம் வரை பேச்சு வந்திருக்கிறது. பத்தாவது படிக்கும் மகள் ஒருத்தி இருப்பதாக உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரி இருக்கிறது. மச்சான் கணக்கில் அவள் எங்கே?

அடுத்து பையன். அவனைப் பற்றி நீங்கள் குறையாக எழுதியிருப்பதைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். கடையில் எந்தக் கம்ப்யூட்டர் எத்தனை மணிக்கு ஹேங் ஆகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கிறான். மூன்றாவது மெஷின் மதியத்தில் மட்டும் நிற்பதைப் பார்த்து, சுவரோடு ஒட்டியிருந்த அதன் ஃபேனில் தூசி அடைத்திருப்பதைக் கண்டுபிடித்தான். “படிக்காமல் இதையே நோண்டிக்கொண்டிருக்கிறான்” என்கிறீர்கள். ஐயா, இதைச் செய்யத்தான் கம்பெனிகள் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கின்றன. அந்த வேலைக்கு மானிட்டரிங் என்று பெயர்.

பொறியியல் கவுன்சலிங், மற்ற கோர்ஸ்கள் பற்றியெல்லாம் உங்களுக்குச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் இந்த மானிட்டரிங் வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஒரு மருத்துவமனையையோ ஸ்பின்னிங் மில்லையோ எடுத்துக்கொள்ளுங்கள். சில சர்வர்கள் (பலருக்கும் சேர்த்து வேலை செய்யும் பெரிய கம்ப்யூட்டர்கள்) அவர்கள் கட்டடத்திலேயே ஏசி அறையில் இருக்கும், சில அமேசான் போன்ற நிறுவனங்களின் கிளவுடில், அதாவது அந்த நிறுவனங்களின் இடத்திலேயே, வாடகைக்கு ஓடும். இரண்டையும் ஒரே திரையில் பார்க்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு மெஷினுக்குள்ளும் ஏஜென்ட் என்ற சிறு புரோகிராமைப் போடுகிறார்கள். எதைக் கவனிக்க வேண்டுமோ, அதற்கான பிளக்இன்னை அதில் செருகிக்கொள்ளலாம்: டேட்டாபேஸுக்கு ஒன்று, வெப் சர்வருக்கு ஒன்று. டெலிகிராஃப் என்ற இலவச ஏஜென்டுக்கு 300-க்கும் மேற்பட்ட பிளக்இன்கள் இருக்கின்றன. நம் ஊர் ஸோஹோவின் சைட்24எக்ஸ்7-இலும், பைதானில் நாமே எழுதிய பிளக்இன்னைச் சேர்க்க முடியும்.

‘கிளவுடில் இருந்தால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்’ என்று பலர் நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை. அமேசானில் ஒரு சர்வர் எடுத்தால், சிபியு எவ்வளவு ஓடுகிறது என்று வெளியிலிருந்தே காட்டுவார்கள். மெமரி எவ்வளவு நிரம்பியது, டிஸ்க்கில் இடம் எவ்வளவு மீதி என்பதை, உள்ளே ஒரு ஏஜென்ட் போடாதவரை காட்ட மாட்டார்கள். வீட்டு மீட்டரைப் பார்த்து எத்தனை யூனிட் ஓடியது என்று சொல்லலாம், ஃபிரிட்ஜ் கதவு திறந்திருக்கிறதா என்று சொல்ல முடியாது அல்லவா, அப்படி.

பிளக்இன் எழுதுவது பெரிய வித்தை என்று பயப்பட வேண்டாம். 1999-இல் ஈதன் கால்ஸ்டாட் என்பவர் வெளியிட்ட நெட்செயின்ட் என்ற மானிட்டரிங் மென்பொருள்தான் பிறகு நாகியோஸ் ஆனது. அதன் முறை இன்றும் செல்லுபடியாகிறது: ஒரு சின்ன ஸ்கிரிப்ட் (சில வரி புரோகிராம்) ஒரு விஷயத்தைச் சோதித்து, ஒரு வரி எழுதிவிட்டு, ஒரு எண்ணோடு முடிய வேண்டும். 0 என்றால் சரி, 1 எச்சரிக்கை, 2 ஆபத்து, 3 தெரியவில்லை. அவ்வளவுதான். உங்கள் கடை பிராட்பேண்ட் லைன் இழுக்கிறதா என்று சோதிக்கும் பிளக்இன்னை உங்கள் மகன் ஒரு வாரத்தில் எழுதிவிடுவான்.

எழுதத் தெரிவதைவிட எதை எழுதுவது என்று தெரிவதுதான் கஷ்டம். ‘டிஸ்க் 90 சதவீதம் நிரம்பினால் அலர்ட்’ என்று எல்லோரும் போடுவார்கள். 100 ஜிபி டிஸ்க்கில் அப்போது மீதி 10 ஜிபி, 10 டிபி டிஸ்க்கில் மீதி 1 டிபி, அதாவது ஆயிரம் ஜிபி. இரண்டுக்கும் ஒரே மணி அடித்தால் நடுராத்திரியில் எழுப்பப்பட்டவன் நான்காவது நாள் போனை சைலன்டில் போட்டுவிடுவான். இன்னொன்று: டிஸ்க்கில் பாதி இடம் காலி என்று காட்டும், ஆனால் ஒரு ஃபைல்கூட எழுத முடியாது. கோடிக்கணக்கான குட்டி ஃபைல்கள் சேர்ந்து ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று தேவைப்படும் பதிவு) தீர்ந்திருக்கும். அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும் என்று தெரிந்தவனுக்கு மதிப்பு இருக்கிறது. நோட்டில் நேரம் குறித்துவைக்கும் பையனுக்கு இந்தப் புத்தி தானாக வரும்.

பொறுப்பும் சின்னதில்லை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற நிறுவனத்தின் பாதுகாப்பு ஏஜென்டுக்கு வந்த ஒரு தவறான அப்டேட், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களைப் படுக்க வைத்தது, விமானங்கள் நின்றன. எல்லா மெஷினிலும் உட்கார்ந்திருக்கும் ஒன்று கெட்டால் எல்லாமே கெடும்.

“ஏஐ வந்து இந்த வேலையையும் பிடுங்கிக்கொள்ளாதா?” என்று மச்சான் கேட்பார். அலர்ட்டுகளைத் தரம் பிரிக்கும் வேலையை ஏற்கெனவே பிடுங்க ஆரம்பித்துவிட்டது. ஆனால் அந்த ஏஐ ஓடும் ஜிபியு (ஏஐ கணக்குகளைப் போடும் சிப்) சர்வர்களும் சூடாகும், அவற்றுக்கும் தனி ஏஜென்ட் போட்டுத்தான் பார்க்கிறார்கள். ஷிஃப்டில் உட்கார்ந்து சிவப்பு விளக்கு எரிந்தால் டிக்கெட் (புகார்ப் பதிவு) போடுகிற எல்1, அதாவது முதல் நிலை வேலைதான் ஆபத்தில் இருக்கிறது. அதில் நுழையலாம், தங்கிவிடக் கூடாது. இரவு ஷிஃப்ட் உண்டு, பண்டிகை நாளிலும் போன் வரும். இதையும் பையனிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அப்புறம், செய்ய வேண்டியது. அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸோ பி.சி.ஏ.வோ. வருடத்துக்குச் சில ஆயிரத்தில் முடியும். கடையில் ஒதுக்கிய ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் (விண்டோஸ் போன்ற ஒரு இலவச ஆபரேட்டிங் சிஸ்டம்) போட்டு, ஜாபிக்ஸோ புரோமிதியஸோ நிறுவட்டும். இரண்டும் இலவச மானிட்டரிங் மென்பொருள்கள். உங்கள் கடை மெஷின்களையே கண்காணிக்கட்டும். ஷெல் (கட்டளை தட்டி வேலை வாங்குவது), பைதான், நெட்வொர்க் அடிப்படை மூன்றும் அதிலேயே கைக்கு வரும். கிளவுட் கணக்கு திறந்தால் முதல் வேலையாக பட்ஜெட் அலர்ட் வைக்கச் சொல்லுங்கள், அணைக்காமல் விட்ட சர்வர் உங்கள் கார்டில் பில் ஏற்றும். ‘டெவ்ஆப்ஸ் மாஸ்டர் கோர்ஸ், நூறு சதவீதப் பிளேஸ்மென்ட், ஒரு லட்சம்’ என்று யார் வந்தாலும் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

பி.இ. பட்டம் இல்லையே என்ற உறுத்தல் உங்களுக்கு இருக்கும். பிளஸ் டூவில் கணிதம் படித்தவன் பி.எஸ்சி. முடித்து, பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி இரண்டு வருட எம்.சி.ஏ.வும் போகலாம். அப்போது எது தேவை என்று அவனே சொல்வான். இப்போதைக்குச் சீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்காமல், வங்கியில் கொடுத்த பத்திர நகலைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.