அவித்த பயறு மட்டும் மிஞ்சுகிறதா?

வணக்கம் ரீச்சர். கிளிநொச்சி முன்பள்ளியில் அவித்த பயற்றைப் பிள்ளைகள் தொடுவதில்லை, உணவுப் பட்டியலை மீறாமல் அவர்களைத் தெரிவு செய்ய விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக விடலாம்.

பயற்றை மாற்ற வேண்டாம், பக்குவத்தை மாற்றுங்கள். ஒரு சட்டியில் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும், மற்றதில் வெங்காயம் தாளித்தது. “வேண்டுமா?” என்று கேட்டால் “வேண்டாம்” என்பார்கள், “எது வேண்டும்?” என்று கேளுங்கள். இரண்டுக்கு மேல் காட்டினால் வரிசை மாங்குளம் சந்திவரை நீளும்! அகப்பையையும் அவர்களிடமே கொடுங்கள், கொஞ்சம் சிந்தட்டும். எவ்வளவு சாப்பிடுவது என்பது பிள்ளையின் முடிவு. சிலர் பத்துத் தடவை பார்த்த பிறகே வாயில் வைப்பார்கள், வற்புறுத்தாதீர்கள்.

பயற்றுக்குப் பதில் கௌப்பியோ கடலையோ வைப்பதானால் பொறுப்பான உத்தியோகத்தரிடம் முதலில் கேளுங்கள். கடலையைச் சின்னவர்களுக்கு மசித்தே கொடுங்கள், முழுதாக விழுங்கினால் புரைக்கேறும்.