முகிலில் வைத்த படங்களும் களனி கங்கை நீரும்

கேள்வி: பேரப்பிள்ளைகளின் படங்கள் எல்லாம் "முகிலில்" இருப்பதாக மகன் சொல்கிறார். அந்த முகில் என்பது தரவு மையங்கள் எனப்படும் பெரிய கணினிக் கூடங்கள்தாம் என்றும், அவை மின்சாரத்தையும் தண்ணீரையும் ஏராளமாகக் குடிக்கின்றன என்றும் அறிந்தேன். பழைய படங்களை அழித்துவிடட்டுமா? இத்தகைய மையங்கள் கொழும்பில் பெருகினால் நமக்கு என்ன நேரும்?
– வெள்ளவத்தை வாசகி ஒருவர்

பதில்: படங்களை அழிக்க வேண்டாம், அம்மா. அவற்றைத் தாங்கும் வட்டுகள் உங்கள் படம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். படுக்கையறை ஏசியை ஓரிரவு நிறுத்திவைப்பதில் மிஞ்சும் மின்சாரம், படங்களை அழிப்பதில் மிஞ்சுவதைவிடப் பன்மடங்கு.

உங்கள் இரண்டாவது கேள்விதான் கனமானது. சர்வதேச எரிசக்தி முகவரகத்தின் கணிப்பின்படி 2024இல் உலக மின்சாரத்தில் ஏறத்தாழ 1.5 சதவீதம் தரவு மையங்களுக்குச் சென்றது. சிறிய பங்காகத் தெரிந்தாலும், இம்மையங்கள் ஓரிடத்தில் குவியும் இயல்புடையவை. அயர்லாந்தில் 2015இல் 5 சதவீதமாக இருந்த அவற்றின் பங்கு 2023இல் 21 சதவீதமாகி, அந்நாட்டு நகர்ப்புற வீடுகள் அனைத்தும் சேர்ந்து பயன்படுத்தியதையும் தாண்டிவிட்டது. சிங்கப்பூர் 2019 முதல் சில ஆண்டுகள் புதிய மையங்களுக்கு அனுமதி வழங்குவதையே நிறுத்திவைத்தது. அங்கு இடம் கிடைக்காதவர்கள் பாலத்தைக் கடந்து மலேசியாவின் ஜொகூருக்குப் போனார்கள்.

கணினிக்குள் செல்லும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகிறது. அயர்லாந்துத் தலைநகர் டப்ளினில் ஆண்டின் பெரும்பகுதிக்கு வெளிக்காற்றை உள்ளே விட்டாலே அந்த வெப்பம் தணிந்துவிடும். கொழும்பில், துவைத்த துணியே நாட்கணக்கில் காயாத ஈரக்காற்றில், பன்னிரண்டு மாதமும் குளிரூட்டிகளை ஓட்டியாக வேண்டும். நீரை ஆவியாக்கி வெப்பத்தைப் போக்குவதென்றால், ஒரு யுனிட் மின்சாரம் உண்டாக்கும் வெப்பத்துக்குச் சுமார் ஒன்றரை லீற்றர் நீர் தேவை. இது பள்ளிக்கூட பௌதிகக் கணக்குத்தான். ஒரு மெகாவாட் அளவான சிறிய மையமொன்று முழுச் சுமையில் இயங்கினால் நாளொன்றுக்கு 36,000 லீற்றர் நீர் ஆவியாகிப்போகும். கொழும்பின் குடிநீரில் பெரும்பகுதி அம்பத்தலையில் களனி கங்கையிலிருந்து எடுக்கப்படுகிறது. வரட்சிக் காலத்தில் ஆற்றோட்டம் குறையும்போது கடலின் உவர்நீர் அவ்விடம்வரை ஏறிவராதிருக்கத் தடுப்பு அமைக்க வேண்டியிருந்த ஆறு அது.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மழை பொய்த்து மலையக நீர்த்தேக்கங்கள் வற்றும் மாதங்களில் 900 மெகாவாட் நுரைச்சோலை நிலக்கரி நிலையமும் எண்ணெய் நிலையங்களுமே நம்மைத் தாங்குகின்றன. நிலக்கரியில் பிறக்கும் ஒவ்வொரு யுனிட்டுக்கும் ஏறத்தாழ ஒரு கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. ஆகவே ஒரே அளவான மையம் எங்கே, எந்த மாதத்தில் ஓடுகிறது என்பதைப் பொறுத்து அதன் பாதிப்பு மாறும்.

இம்மையங்களே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். நமது வங்கிக் கணக்குகளும் மருத்துவப் பதிவுகளும் எங்கோ இருந்தாக வேண்டும். ஆனால் அனுமதி கேட்பவர் ஆண்டுக்கு எவ்வளவு நீர், எவ்வளவு மின்சாரம் என்பதை எழுத்தில் தந்து பகிரங்கப்படுத்த வேண்டும். வெப்பநாடுகளுக்கென 2023இல் சிங்கப்பூர் வகுத்த தரத்தின்படி, உள்ளறையை 26 பாகை செல்சியசிலோ அதற்கு மேலோ வைத்திருக்கலாம். ஒவ்வொரு பாகை உயர்வுக்கும் குளிரூட்டும் மின்சாரத்தில் 2 முதல் 5 சதவீதம் மிச்சமாகும். உள்ளே போர்வை போர்த்தும் அளவுக்குக் குளிர வைப்பது பழைய வழக்கமேயன்றி, இயந்திரங்களின் தேவையன்று.

கேள்வி: கூரையில் சூரியத் தகடு பொருத்திவிட்டால் தரவு மையம் பசுமையாகிவிடாதா?
– கொட்டாஞ்சேனை வாசகர் ஒருவர்

பதில்: பகலில் ஓரளவு உதவும். ஆனால் மையம் இரவிலும் ஓடுகிறது. நம் நாட்டு மின்தேவை உச்சத்தைத் தொடுவதோ மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை, சூரியன் மறைந்த பின்னர். ஆண்டுக் கணக்கில் மின்சார வரவையும் செலவையும் சமமாகக் காட்டும் விளம்பரத்தைக் கண்டால், அந்த நான்கு மணித்தியாலங்களுக்கு மின்சாரம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். மின்கலங்களில் சேமித்த பகல் வெயில் என்று பதில் வந்தால் மட்டும் நம்பலாம்.