பட்டறை பதில்கள்: சேனலில் முளைத்த பாசி

கேள்வி: வால்பாறைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் வேலை பார்த்த என் அப்புச்சியின் மோரிஸ் மைனர் டிராவலர் கார் இப்போது என்னிடம் இருக்கிறது. பின்பக்கச் சன்னல் கண்ணாடிகள் நகரும் சேனலில் பச்சைப் பாசி முளைத்திருக்கிறது. ஒரு கண்ணாடி அசையவே மாட்டேன் என்கிறது. புதுச் சேனல் வாங்கி வைத்துவிட்டேன். பழையதைக் கழற்றித் திருகிவிட்டால் போதும்தானே?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: போதாது. புதுச் சேனலைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, முதலில் ஒரு குத்தூசியைக் கையில் எடுங்கள்.

1953 முதல் 1971 வரை வந்த இந்த வண்டியில் பின்பக்க மரச் சட்டத்தை அலங்காரம் என்று நினைப்பவர்கள் நிறைய. கதவுக்குப் பின்னால் உள்ள கூடு முழுவதும் அந்தச் சட்டத்தில்தான் நிற்கிறது. ஆண்டுச் சோதனை இந்த வண்டிகளுக்குக் கட்டாயமாக இருந்த காலத்தில், மரம் உளுத்திருந்தால் இங்கிலாந்தில் அந்தச் சோதனையிலேயே வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அது ஆஷ் என்ற வெளிநாட்டு மரம். கிரிக்கெட் ஸ்டம்பு செய்வதும் அதில்தான். அடி தாங்கும், வளைந்து கொடுக்கும். தேங்கிய தண்ணீரை மட்டும் தாங்காது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆனிச் சாரலில் வண்டி நின்றால் பாசி வராமல் என்ன செய்யும்?

நான் வேலை பழகியது கரூரில், பஸ் கூடு கட்டும் பட்டறையில். முதல் டிராவலர் கைக்கு வந்தபோது எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. அடிச் சேனலில் சின்னத் துளைகள் தெரிந்தன. ஒழுகுவது இதன் வழியாகத்தான் என்று முடிவு கட்டி, ஒவ்வொன்றையும் பட்டி வைத்து அடைத்தேன். இரண்டு மழைக்காலம் கழித்து வண்டி திரும்பி வந்தது. குத்தூசியை வைத்தேன், காபியில் நனைத்த வர்க்கிக்குள் இறங்குவதுபோல இறங்கியது. அந்தத் துளைகள் தண்ணீர் வெளியே போவதற்கு வைத்தவை. கண்ணாடி நகரும் இடத்தில் மழைநீர் இறங்கத்தான் செய்யும். அது தேங்காமல் போக வழி இருந்தால் போதும்.

ஆகவே பழைய சேனலை எடுத்ததும் அடிக்கட்டையை ஓரம் ஓரமாகக் குத்திப் பாருங்கள். கறுத்திருந்து ஊசி இறங்காவிட்டால் கவலையில்லை. ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் தடவிக் கழுவினால் கறை வெளுக்கும். அது விஷம், கையுறை கட்டாயம். ஊசி இறங்கினால் நல்ல மரம் வரும்வரை வெட்டி, நீண்ட சாய்வாக ஒட்டுப் போடுங்கள். ஆஷ் கிடைக்காவிட்டால் தேக்கு போதும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டும் முகத்தைத் தின்னரால் துடைத்த கையோடு பசை வையுங்கள். இல்லாவிட்டால் ஒட்டு நிற்காது.

மரம் நன்றாகக் காய வேண்டும். இந்த வேலையை மாசி, பங்குனிக்குத் தள்ளி வையுங்கள். வார்னிஷைச் சேனல் உட்காரும் பள்ளத்துக்குள்ளும் மூன்று நான்கு முறை அடியுங்கள். வெளியே பளபளவென்று அடித்துவிட்டு உள்ளே வெறும் மரமாக விட்ட வண்டிகளை எத்தனையோ பார்த்துவிட்டேன்.

இனிப் பரணிலிருந்து சேனலை இறக்கலாம். திருகுக்கும் தண்ணீர் வெளியே போகவும் துளையிட்ட இடங்களில் இரும்பு வெளியே தெரியும். அங்கே பெயிண்ட் தொட்டு வையுங்கள், துரு அங்கிருந்துதான் தொடங்கும். அடியில் இறுகிப் போகாத மாஸ்டிக் என்ற அடைப்புப் பசையை வையுங்கள், சிலிக்கான் வேண்டாம். பித்தளைத் திருகின் தலை, சேனலுக்குள் இருக்கும் ஃபெல்ட் துணிக்குக் கீழே புதைய வேண்டும். அரிசி மணி அளவு துருத்தினாலும் கண்ணாடியின் விளிம்பு சில்லுப் போகும். ஒவ்வொரு திருகுக்கும் ஒருமுறை கண்ணாடியை நகர்த்திப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். கடைசியில் ஒரு சொம்புத் தண்ணீரைச் சேனலில் ஊற்றி, வெளியே சொட்டுகிறதா என்று குனிந்து பாருங்கள்.

கேள்வி: கண்ணாடி வழுக்கி நகரத் தேங்காய் எண்ணெய் விடலாமா?
– அதே வாசகர்

பதில்: பொள்ளாச்சிக்காரர் வேறு எதைக் கேட்பார்! வேண்டாம். எண்ணெயில் புழுதி படிந்து ஃபெல்ட் கட்டையாகிவிடும். கண்ணாடி விளிம்பில் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். எண்ணெய் குழம்புக்கு ஆகட்டும்.